ஆறு கணினிகளும் அவற்றுக்கு நான் அமர்த்திய புரொக்சிகளும்

இணையக் கடை நடத்துவதென்பது, ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் வெளியேற விரும்பும் வீட்டுக்கு ஒரேயொரு வாசலை வைத்துவிட்டு, அந்த வாசலில் தானும் நின்றுகொள்வதாகும்.

இத்தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாடசாலையில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பின், போர்க்காலத்தின் பிற்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், காசு வாங்கிக்கொண்டு கணினியில் இணையம் பார்க்க விடும் கடை வைத்தேன். கணினிகள் ஆறு, இணைப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையே நின்ற இயந்திரத்துக்குப் புரொக்சி என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்று அறிந்து அமர்த்த வேண்டும். நான் அதை அறிந்துகொண்ட முறை, ஒவ்வொரு வகையையும் முதலில் பொருந்தாத ஆளுக்கு அமர்த்திப் பார்த்தது.

அதற்கான தண்டனையை எனக்குப் பதிலாக அனுபவிக்கவிருந்தவள் சுபாஷினி. யாழ்ப்பாணத்துப் பாதை மூடப்பட்டதால் ஊர் திரும்ப முடியாமல், தாயார் மங்கையர்க்கரசியுடன் எங்கள் ஒழுங்கையில் ஓர் அறையில் தங்கியிருந்தாள். புள்ளிவிபரவியல் படித்தவள். பிரித்தானியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் அவளுக்குப் புலமைப்பரிசிலுடன் இடம் தருவதாக எழுதியிருந்தது. இணையத்தில் நடக்கும் ஒன்றரை மணி நேரப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அவர்களது அறையில் கணினி இல்லை. ஆகவே எனது கடையே பயிற்சி வகுப்பு, எனது கடையே பரீட்சை மண்டபம்.

கச்சேரிக்குப் போகும் ஆள்

கணினிகளைப் பொருத்தித் தந்தவர் கொட்டாஞ்சேனை நிசாம். நாற்பது வயதிருக்கும், கை சுத்தமான வேலைக்காரர், வாய் மட்டும் சற்று வேகம். புரொக்சியைப் பற்றி அவர் தந்த முதல் விளக்கத்தில் வினைச்சொற்களைத் தவிர மற்றவையெல்லாம் ஆங்கிலம். "ஆறாம் வகுப்புப் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்ளக்கூடியதாகச் சொல்லுங்கள், நிசாம்" என்றேன்.

அவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியை உதாரணத்துக்கு எடுத்தார். "டீச்சர், ஆறு பேருக்குக் கச்சேரில ஃபோர்ம் வேணும். ஆறு பேரும் போய் லைன்ல நிக்காம ஒராள் போறார். எல்லா ஃபோர்மையும் எடுத்துட்டு வந்து அவங்கவங்க கைல குடுக்கிறார். கச்சேரிக்காரனுக்கு அந்த ஒராள்ட மூஞ்சி மட்டுந்தான் தெரியும்."

என் வகுப்பில் சொல்லியிருந்தால் அவருக்கு முழுப் புள்ளி போட்டிருப்பேன். போன ஆள் பிழையான ஃபோர்மைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். நிசாம் திருப்புளியைப் பையில் வைத்தபடி சொன்னார்: "அப்ப ஆறு பேரும் ஏசுறது உங்களத்தான் டீச்சர், அவர இல்ல."

படம் வேண்டாம், எழுத்துப் போதும்

பிற்பகலில் இணைப்பு நத்தையாக ஊர்ந்தது. படங்கள்தாம் பாரம் என்று நிசாம் கணக்குக் காட்டினார். வெளிநாட்டிலிருக்கும் தம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வருபவர்களுக்குப் படம் எதற்கு? நான்கு மணி வரை படங்களை வாசலிலேயே நிறுத்தி எழுத்தை மட்டும் உள்ளே விடும்படி புரொக்சியை ஒழுங்குசெய்வித்தேன். கடிதங்கள் பறந்தன. நான் என் மதிநுட்பத்தை எண்ணி ஒரு நாள் முழுவதும் மகிழ்ந்திருந்தேன்.

மறுநாள் சுபாஷினியின் பயிற்சி வினாக்களில் "கீழுள்ள வரைபடத்தை நோக்குக" என்றிருந்த இடத்தில் நோக்குவதற்கு வெற்றுப் பெட்டியொன்றே இருந்தது. அவள் பண்பான பிள்ளை. வரைபடம் எப்படி இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து விடையெழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த கணினியில், காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்த ஹனிபா ஹாஜியார், இந்திய ஆலையொன்றின் புதிய சாரிகளைத் தெரிவுசெய்ய வந்திருந்தார். இருபது நிமிடம் கழிந்தது. தெரிவு முடிந்ததாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். திரை நிறைய வெற்றுப் பெட்டிகள். ஒவ்வொன்றின் கீழும் மயிற்கழுத்து, மாதுளம்பூ, பாசிப்பச்சை என்று பெயர்கள்.

"சாரிட பேரெல்லாம் வந்தீக்கி டீச்சர், சாரி ஒன்னுமே வரல்ல" என்றார் ஹாஜியார், மிகுந்த பொறுமையுடன். "பேரக் கட்டிட்டு பொம்பளயள் கல்யாணத்துக்குப் போவாங்களா?"

முகம் காட்டாத தூதர்

இராசநாயகம் அவர்கள் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கேடுகளை எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்குச் செய்திகளைத் தரும் ஒரு தளத்தை நாள்தோறும் மூன்று மணிக்கு வாசிப்பார். ஒரு நாள் அத்தளம் இந்த நாட்டுக்குள் திறக்காதபடி மறிக்கப்பட்டது. அவருடைய தமையன் குடும்பம் வடக்கில் இருந்தது, தொலைபேசி இல்லை. எந்தக் கிராமத்தில் என்ன நடந்தது என்பதை அறிய அவருக்கு வேறு வழியும் இல்லை.

நிசாம் இன்னொரு வகையைக் காட்டித் தந்தார். அது நெதர்லாந்தில் எங்கோ இருக்கும் புரொக்சி. கேட்பவர் கொழும்பிலிருக்கிறார் என்பதை மறைத்து, தானே கேட்பதாகச் சொல்லிப் பக்கத்தை வாங்கித் தரும். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்பது என் வழக்கமன்று. ஆனால் கடவுச்சொல் எதையும் அதில் எழுதக்கூடாது என்று இராசநாயகம் அவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நடுவில் நிற்கும் அந்நியர் நாம் கொடுப்பதையெல்லாம் பார்க்கக்கூடியவரல்லவா?

செய்தி வந்தது. தமையனின் ஊரில் அன்று ஒன்றுமில்லை என்று கண்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகுதான் பக்கத்தின் தலைப்பில் அந்தப் புரொக்சி இன்று மழை என்னும் தன் ஊர் வானிலை அறிக்கையையும் சேர்த்து அனுப்பியிருப்பதைக் கவனித்தார். வெளியே வெள்ளவத்தை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "சண்டை எங்கடை, மழை அவங்கடை" என்றார். "இப்ப நான் குடையோடை வீட்டை போறதோ, குடையில்லாமல் போறதோ, ரீச்சர்?"

நூற்றுக்கு நூறு

படங்களை மீண்டும் உள்ளே விட்டதும் இணைப்பு மீண்டும் ஊர்ந்தது. அதற்கு மருந்தாக, கொண்டுவந்த பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது வெளியே போகாமல் கையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் வகையைத் தேர்ந்தேன். "ஒருமுறை கொண்டுவந்ததை மறுமுறை போய்க் கேட்கக்கூடாது" என்று கட்டளையிட்டேன். "எல்லாத்துக்குமா டீச்சர்?" என்று நிசாம் தயங்கினார். "எல்லாவற்றுக்கும்" என்றேன். வகுப்பறையில் அந்தக் குரலுக்கு மறுபேச்சு இருந்ததில்லை, இங்கும் இருக்கவில்லை.

சுபாஷினி பயிற்சி செய்த தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக நாற்பது வினாக்களைத் தரும். விடைகள் அடுத்த பக்கத்தில் இருக்கும், அவரவரே திருத்திக்கொள்ளலாம். முதல் நாள் ஐம்பத்தெட்டு எடுத்தாள். இரண்டாம் நாள் எண்பத்து மூன்று. மூன்றாம் நாள் நூறு. மூன்று நாளும் அதே வினாக்கள் வந்தன என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருக்கும் ஐயம் எழவில்லை. நாமெல்லாம் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்தே பரீட்சை எழுதிய சமூகம். கண்ட கேள்வி மறுபடி வந்தால் ஏன் வந்தது என்று கேட்பவர் நம்மிடையே இல்லை. கண்ணை மூடி ஒரு கும்பிடு போடுவார்கள். கணித ஆசிரியையான நானும் "நிரம்ப நல்லது" என்றேன். மங்கையர்க்கரசி பிள்ளையார் கோயிலில் பதினொரு தேங்காய் உடைத்தார்.

நான்காம் நாள் சுபாஷினி முகம் வெளிறி வந்தாள். கொட்டாஞ்சேனையிலுள்ள அவளுடைய தோழிக்கு அதே தளத்தில் நாள்தோறும் வேறு வேறு வினாக்கள் வருகின்றனவாம். நிசாமை அழைத்தேன். எனது இயந்திரம் முதல் நாள் வாங்கிய தாளையே மூன்று நாளும் நீட்டியிருந்தது. சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்களித்துவிட்டு அவர் போனார். புதிய வினாக்களில் அவள் எடுத்தது அறுபத்தொன்று. பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாட்கள்.

தாயாரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உடைச்ச தேங்காயை இனி என்னெண்டு ஒட்டுறது, ரீச்சர்?"

விசா இல்லாத பயணம்

அந்த ஒன்பது நாட்களும் அவள் கடை திறக்கும்போது வந்து கடை பூட்டும்போது போனாள். பரீட்சை நாளன்று குறித்த நேரம் வந்தது; திரையில் "பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்றே இருந்தது. ஐந்து நிமிடம் கழிந்தும் அதுவே. பத்தாவது நிமிடத்தில் எனக்கு விளங்கியது. முந்தைய நாள் அவள் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தாள்; அன்று சேமித்ததையே புரொக்சி இன்றும் காட்டியது. விலக்கு பயிற்சித் தளத்துக்கு மட்டுமே. மற்ற "எல்லாவற்றுக்கும்" என் கட்டளை இன்னும் உயிரோடிருந்தது. நிசாமோ நகரின் மறுகோடியில், ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தின் கணினிக்குள் தலையை விட்டிருந்தார்.

மூடியதைத் திறக்கும் வகை ஒன்று எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். இராசநாயகம் அவர்களுக்கு உதவிய நெதர்லாந்துக்காரர் ஊடாக அனுப்பினேன். கடவுச்சொல்லைப் பற்றி அந்த முதியவருக்கு நான் செய்த எச்சரிக்கையை எனக்கு நானே செய்துகொள்ளவில்லை. பக்கம் உடனே திறந்தது. மூன்றாம் வினாவில் அது தானாகவே மூடிக்கொண்டது. விண்ணப்பதாரி இலங்கையில் இருப்பதாக எழுதியுள்ளார், ஆனால் பரீட்சை நெதர்லாந்திலிருந்து எழுதப்படுகிறது, ஆகவே இடைநிறுத்தப்படுகிறது என்றொரு அறிவித்தல். சுபாஷினி அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

"என்ன சொல்லுது?" என்று தாயார் கேட்டார். அவள் ஹொலண்டில் இருப்பதாக எண்ணிவிட்டார்கள் என்றேன். "அரைவாசி வெள்ளவத்தை வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசைக் கட்டிப்போட்டு வருசக்கணக்காய்க் காவல் இருக்குது" என்றார் மங்கையர்க்கரசி. "நீங்கள் ஒரு பட்டனை அமத்தி என்ரை பிள்ளையை அனுப்பிப்போட்டியளே, ரீச்சர்!"

ஒன்றரை மணி நேரம்

அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். பிழை முழுவதும் கடைக்காரியாகிய என்னுடையது, பிள்ளையினது அன்று என்று நேர்பட எழுதி, எந்த இயந்திரம் என்ன செய்தது என்பதை வரிசைப்படுத்திக் காட்டினேன். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. இன்னொரு முறை தருவார்கள். அதற்கு மேல் இல்லை. அவளுடைய கணினிக்கும் அவர்களுக்கும் இடையே எதுவும் நிற்கக்கூடாது.

அதன் பொருள், இணைப்பைப் புரொக்சியிலிருந்து கழற்றி நேரே அவளுடைய கணினியில் பூட்டுவது. மற்ற ஐந்தும் இரண்டரையிலிருந்து நான்கு வரை குருடு. நிசாம் ஒரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு மணிக்கு அவருடைய தொலைபேசிதான் வந்தது: "கொள்ளுப்பிட்டில ரோட்ட மறிச்சிட்டாங்க டீச்சர். யாரோ பெரியாள் போறாராம். பஸ் அசையுதில்ல. நீங்களே கழட்டுங்க, நான் சொல்றன்."

கடையில் இருந்தவர்களிடம் எழுந்து நின்று அறிவித்தேன். ஹாஜியார் அன்று ஆலைக்காரனுக்கு மறுமொழி அனுப்பியாக வேண்டும். "புள்ள எழுதட்டும், ஆல ஓடிப் போகாது" என்று கதிரையைத் திருப்பிப்போட்டுக்கொண்டார். இராசநாயகம் அவர்கள் மூன்று மணிச் செய்தியை விட்டுக்கொடுத்து, எவரும் கேட்காமலே வாசலில் போய் நின்றுகொண்டார். வந்தவர்களையெல்லாம் நீதவான் வருவதற்கு முன் மண்டபத்தை அடக்கும் தோரணையில் திருப்பி அனுப்பினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொலைபேசியும் கையுமாக மேசையின் கீழே புகுந்தேன்.

"நீல வயர் டீச்சர், நீலம்!"

"இரண்டு வயரும் நீலம், நிசாம்."

"அப்ப லைட் மினுங்குற..." தொலைபேசி அறுந்தது.

வடிவகணிதம் கற்பித்தவளுக்கு இதில் ஒரு வழி இருந்தது. சுவரிலிருந்த இணைப்புப் பெட்டியில் விரலை வைத்து, அங்கிருந்து புறப்படும் வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். அது எங்கே போய் முடிந்ததோ அந்த முனையைப் புரொக்சியிலிருந்து பிடுங்கினேன். அதை அவளுடைய கணினியில் செருகி, புரொக்சியைத் தேடு என்று கணினிக்குச் சொல்லும் கட்டத்திலிருந்த சரியடையாளத்தையும் எடுத்தேன். இரண்டு இருபத்தெட்டு. பக்கம் திறந்தது. "சிறீலங்கா எண்டு காட்டுது, ரீச்சர்!" என்று சுபாஷினி கத்தினாள். அந்த ஒழுங்கையில், அந்தக் காலத்தில், அச்செய்தியை அவ்வளவு மகிழ்ச்சியோடு எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்கு மணிக்கு அவள் எழுந்தபோது கொள்ளுப்பிட்டியிலிருந்து நடந்தே வந்த நிசாம் வியர்வையோடு வாசலில் நின்றார். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் கேட்கக்கூடாத கேள்வி அது. பதினேழு நாட்களின் பின் எனது நான்காம் இலக்கக் கணினியில் அந்த மடல் திறந்தது. எழுபத்தாறு புள்ளிகள். இடமும் புலமைப்பரிசிலும் உறுதி. ஹாஜியார் அனைவருக்கும் தேநீர் சொன்னார். மங்கையர்க்கரசி மடலை மகளைக் கொண்டு இரண்டு முறை வாசிப்பித்தார், கண்ணைத் துடைத்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நானும் ஆயத்தமாக நின்றேன்.

"நேரை விட்டால் போகுமெண்டால், முதலே ஏன் ரீச்சர் இந்தச் சுத்துச் சுத்தினனீங்கள்?"

இன்னின்ன தேவைக்கு இன்னின்ன புரொக்சி என்று எவர் வந்து கேட்டாலும் இன்றும் தவறின்றி எடுத்துரைப்பேன், எனினும் எனது கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் தேவைக்கு முற்றாகப் பொருந்தியது நான் பிடுங்கிவைத்த புரொக்சி ஒன்றுதான்.