டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு வெளிச்சம்

பல்லாவரத்தில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவரின் மடியில் ஒரு நீளமான டிபன் பாக்ஸ் மூடி. அதன் உட்புறம் முழுக்க எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தார். பவர் பேங்கில் செருகுவார், வெளிச்சத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார், அணைப்பார். மறுபடியும் அதே.

"மீன் தொட்டிக்கா சார்?" என்றேன்.

"ஆமா சார். சின்னத் தொட்டிதான்."

"வீட்ல மூடியைத் தேட மாட்டாங்களா?"

"தேடினாங்க. இப்ப தட்டைக் கவுத்துதான் சோறு கட்டித் தராங்க."

"என்ன மீன் வளர்க்கறீங்க?"

"மீன் இன்னும் வாங்கல. போன தடவை முதல்லயே வாங்கிட்டேன், எல்லாம் செத்துப்போச்சு. அதுலேர்ந்து பொண்ணு தொட்டிப் பக்கமே வர மாட்டேங்கறா. இந்தத் தடவை முதல்ல லைட்டு, அப்புறம் செடி. செடி வேர் புடிச்சாதான் மீனு."

தாம்பரத்தில் மூடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

சில மாதம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் விற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். கூப்பிட நினைத்தவன் நின்றுவிட்டேன். அவர் வெறுமனே கைகட்டி நின்றிருந்தார். மீன் நீந்தும் தண்ணீர்ப் பையை உள்ளங்கையில் ஏந்தி, வெயிலுக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மகள்.