முப்பத்திரண்டு வரை எண்ணியவர்

சேவியர் அண்ணன் போன செய்தி வந்தபோது என் கண் குழந்தையின் மார்பில் இருந்தது. எட்டு மாதத்திலேயே பிறந்தவள். தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று, பிறகு வரும். பத்து எண்ணுவதற்குள் வந்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மூன்றிலேயே வாரித் தூக்கிவிடுவேன்.

போனில் நம் குழுவில் பாடும் பிலோமினா. "அண்ணன் பூட்டாருடி. மில்லுல மூட்ட மேல சாஞ்சாராம், அப்டியே."

இறந்தோரை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நம் பாடகர் குழுவின் நினைவு மலருக்கு நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான்தான் கடைசி.

பகலெல்லாம் அவருக்கு வாலாஜாபாத் அரிசி ஆலையில் மோட்டார் சத்தம். மாலை பஸ்ஸில் உத்திரமேரூர் வந்தால் நம் கோயில் கீபோர்டு, நமக்குப் பாட்டுப் பயிற்சி. இந்த வருடத் திருநாளுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் இறந்தோருக்காக எழுதிய இசையை எடுத்தார். லத்தீன் வரிகள், தனிக்குரல், குழு, அறுபது பேர் வாசிக்கும் வாத்தியங்கள். நம்மிடம் இருந்த வாத்தியம் அவருடைய பத்து விரல்.

தனிக்குரல் எனக்கு. அதற்கு முன் வாத்தியங்கள் மட்டும் முப்பத்திரண்டு தாளத் தட்டு. நான் இருபதிலேயே நுழைந்துவிடுவேன்.

"இன்னாம்மா, செங்கல்பட்டு பஸ்ஸு பூடும்னு ஓடியாறியா?"

"வயித்துல புள்ள கீதுண்ணா, நிக்க முடியல."

"புள்ளகிட்ட சொல்லு, மாமன் இன்னும் வாசிச்சிக்கினு கீறேன்னு."

ஒருநாள் கரண்ட் போய்க் கீபோர்டு அணைந்தது. உடனே பாட வாயெடுத்தேன். அண்ணன் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். "கரண்டுதாம்மா போச்சு. வாத்தியம் எங்க போச்சு? பத்தொம்போது, இருவது..."

குழந்தை அவசரப்பட்டுப் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே வெகுநேரம் நின்றார். அன்று கேலி இல்லை. வீட்டுக்கு வந்தபின் நான் வாரித் தூக்குவதைப் பார்த்து, "மூணுல தூக்காதம்மா. எண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அடக்கப் பூசையில் அதையே பாடினோம். கீபோர்டு மூடியிருந்தது. சவப்பெட்டி முன்னால் முப்பத்திரண்டு தட்டும் வாய்மூடி நின்றோம். அண்ணி அழுகையை நிறுத்தி, ஏன் யாரும் பாடவில்லை என்று நிமிர்ந்து பார்த்தார். வயலின்கள் வரவேண்டிய இடத்தில் மின்விசிறிச் சத்தம். முடிந்ததும் நுழைந்தேன். முதல்முறையாகச் சரியாக. சரி என்று சொல்ல ஆளில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த விரல் தட்டுதான். நேற்று மதியமும் மூச்சு நின்றது. தூக்கவில்லை. கட்டில் சட்டத்தில் தட்டினேன். நான்கு. ஐந்து. ஆறு. ஏழில் மார்பு ஏறியது. பத்தைத் தாண்டும் நாள் ஒன்று வருமோ என்ற பயம் போகவில்லை.

எண்ணிக்கொண்டே பயப்படுகிறேன், அண்ணா.