மதுரை வழியாக வந்த பதில்

உலகச் சண்டை முடிவதற்கு முந்திய வருஷம் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பாவுக்கு உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம். பெண் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கான்வென்ட்டில் படிக்க வைத்துவிட்டு வீட்டில் உட்கார வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. "பேசுத வேலைதானே, பேசிட்டு வரட்டும்" என்று தூத்துக்குடிப் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே சின்னதாக ஒரு பித்தளை மூடி. ஊரில் யாராவது டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய மூடி பட்டென்று விழும். கயிற்றின் ஒரு முனையை அங்கே செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன நம்பரில் மறுமுனையைச் செருகி மணியடிக்க வேண்டும். என்னென்ன சொல்லலாம் என்று டைப் அடித்த தாள் ஒன்றைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் இருக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நான்தான் முதல். இருந்தும் அந்தத் தாள் என்னைத் திகைக்க வைத்தது. 'என்கேஜ்டு' என்றால் நிச்சயம் ஆனவள் என்றுதான் படித்திருந்தேன்; இங்கே அந்த லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் நாள் ஒரு கப்பல் கம்பெனி துரையிடம் "ஸாரி, என்கேஜ்டு" என்று சொல்லிவிட்டு முகமெல்லாம் சூடாக உட்கார்ந்திருந்தேன். 'ஸ்பீக்கிங்' என்ற ஒரே சொல்லுக்கு, நீங்கள் தேடுகிற ஆள் நான்தான் என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது 'யூ ஆர் த்ரூ'. ஊசிக் காதில் நூல் போவதற்கும் ஜன்னல் வழியாக வெயில் வருவதற்கும் இலக்கணப் புத்தகம் கொடுத்த சொல் அது. இங்கே அதை, லைன் கிடைத்துவிட்டது பேசலாம் என்பதற்கு, மனுஷரிடம் சொல்லச் சொன்னார்கள். கயிற்றைச் செருகி அதைச் சொன்னதும், எங்கெங்கோ இருக்கிற இரண்டு பேர் பேசுவதற்கு மூச்சை இழுப்பது என் காதில் கேட்கும். எத்தனை நாள் ஆனாலும் அது எனக்குச் சாதாரணமாகவில்லை.

சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் வேம்பாரிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்புச் சேலை, கையில் ஜெபமாலை. கூட அவள் கொழுந்தன். மதராஸிலிருந்து அவளுக்கு ஒரு பி.பி. கால் பதிவாகியிருந்தது. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்ற வகை அது. நேரம் பதினொரு மணி.

விவரத்தைக் கொழுந்தன்தான் சொன்னார். அவர் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். சண்டையில் கப்பல் மூழ்கிவிட்டது. ஆளைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று கம்பெனியிலிருந்து கடுதாசி வந்தது. கோயிலில் பூசை வைத்து, இரண்டரை வருஷமாக அழுது ஓய்ந்துவிட்டார்கள். போன வாரம் ஒரு தந்தி. ஆள் உயிரோடு இருக்கிறார், ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தான், இப்போது மதராஸ் ஆஸ்பத்திரியில் நடக்க முடியாமல் கிடக்கிறார் என்று.

"நல்ல சேதிதானே அண்ணாச்சி" என்றேன்.

அந்தப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பேரு ஒண்ணுதாம்மா. அதே கப்பல்ல அதே பேருல மணப்பாட்டுக்காரவுக ஒருத்தரும் இருந்தாவ. எந்தப் பொம்பளைக்கு வந்த தந்தின்னு யாரு கண்டா?"

"அதுக்குத்தான் குரலைக் கேக்கணும்னு கூட்டியாந்தேன்" என்றார் கொழுந்தன்.

டெலிபோன் இருந்த கண்ணாடிக் கதவு அறையில் அவளை உட்கார வைத்தேன். எதைக் காதில் வைப்பது, எதில் பேசுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவள் அதைத் தொட்ட விதம் கோயிலில் ஒரு பொருளைத் தொடுவது மாதிரி இருந்தது.

பதினொன்று பத்துக்கு மதுரை கூப்பிட்டது. எங்களுக்கு மதராஸ் லைன் மதுரை வழியாகத்தான். மதுரையில் இருந்தவள் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண். தினமும் பேசுவேன், முகம் பார்த்ததில்லை. "மதராஸ் ஆன் தி லைன். கோ அஹெட்" என்றாள். நான் கயிற்றைச் செருகி, "யூ ஆர் த்ரூ" என்றேன். அப்புறம் அவளுக்குப் புரியாதே என்று, தாளில் இல்லாததையும் சொன்னேன்: "அக்கா, பேசுங்க."

மழையில் லைன் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் ஏதோ ஒரு முனகல் மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரின் குரலுக்கு அவ்வளவு தூரம் வரத் தெம்பில்லை. கண்ணாடிக்குள் அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை என்று.

அப்படிப்பட்ட நேரங்களில் ஆபரேட்டர்களே ஒரு பக்கத்துச் சொல்லை வாங்கி மறுபக்கம் சொல்வது உண்டு. எங்கள் குரல் அந்த இரைச்சலில் பழகிய குரல். மதுரையிடம் கேட்டேன். மதுரைக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆகவே ஆஸ்பத்திரியில் இருப்பவர் சொல்வதை மதராஸ் ஆபரேட்டர் இங்கிலீஷில் மதுரைக்குச் சொல்ல, மதுரை எனக்குச் சொல்ல, நான் தமிழில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

"எப்படி இருக்கேன்னு கேக்காரு. பிள்ளைங்க சுகமான்னு கேக்காரு" என்றேன்.

அவள் அசையவில்லை. "அதை எல்லாரும் கேப்பாவ" என்றாள். "ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. கலியாணமாகி நான் முதமுதல்ல அவுகளுக்கு என்ன மீனு ஆக்கிப் போட்டேன்?"

நான் மதுரைக்குச் சொன்னேன். மதுரை மதராஸுக்குச் சொன்னது கேட்டது. அதற்கப்புறம் வெறும் இரைச்சல். கொழுந்தன் கதவுக்கு வெளியே தோள் துண்டைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். எத்தனை மைல் கம்பி, எத்தனை கண்மாய், எத்தனை ஊர் தாண்டி அந்த மீன் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

மதுரை திரும்பி வந்தாள். அவள் குரலில் சலிப்பு. "ஹி ஹாஸ் காட் இட் ராங், ஐ திங்க். நோ ஃபிஷ், ஹி சேஸ். பேட் சீ. சம் லீவ்ஸ் அண்ட் சால்ட்."

அவர் தப்பாகச் சொல்கிறார் போலிருக்கிறது என்கிறாள். மணப்பாட்டுக்காரர்தான் போல என்று தோன்றிவிட்டது. அதை எப்படிச் சொல்வேன்? ஆனால் வந்ததை வந்தபடி சொல்வதுதான் என் வேலை.

"அக்கா, மீனே இல்லைங்காரு. கடல் சரியில்லையாம். ஏதோ கீரையும் உப்பும்னு..."

நான் முடிக்கவில்லை. நாற்காலியிலிருந்து அவள் தரையில் சரிந்தாள். காதில் வைத்திருந்ததை மட்டும் விடவில்லை. "முருங்கக்கீரை" என்றாள். "எட்டு நாளா கொண்டல் காத்து. ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போவல. கருவாடுகூட இல்லாம முருங்கக்கீரையும் உப்பும் போட்டுக் குடுத்தேன். அவுகதாம்மா. அவுகதான்."

நான் அதை மதுரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்று நினைவில்லை. மதுரைக்காரி மெதுவாக, "த்ரீ மினிட்ஸ் ஆர் அப். ஐ ஹாவ்ன்ட் லுக்ட் அட் தி கிளாக்" என்றாள். ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது, ஆனால் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று. விதிப்படி நடக்கிற அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே விதிமீறல் அது.

அப்போது மழை சற்று விட்டதோ என்னவோ, இரைச்சல் அடங்கி லைன் தெளிந்தது. மிகவும் மெலிந்த ஒரு ஆண் குரல், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள், "வாரேன். கஞ்சி குடிச்சீகளா?" என்றாள். நான் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை. பலகையில் அவர்கள் இருவரையும் சேர்த்திருந்த கயிறு என் விரல் தடிமன்கூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் கொழுந்தனும் அன்று மாலை ரயிலிலேயே மதராஸ் போனார்கள். மணப்பாட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வீட்டுப் பெண் எந்த டெலிபோனும் இல்லாமல் காத்திருந்திருப்பாள்.

தை மாதத்தில் அவர்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார்கள். அவர் கம்பை ஊன்றி நடந்தார். அவள் நீலச் சேலை கட்டியிருந்தாள். ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தாள்.

"என் குரலு எந்த வழியா வந்துச்சு, காட்டுங்கம்மா" என்று அவர் கேட்டார். அவரை ஜன்னலருகே கூட்டிப் போய், கம்பத்திலிருந்து உப்பளத்துப் பக்கமாக வடக்கே போகிற கம்பியைக் காட்டினேன். கடலையும் சிறையையும் பார்த்த மனுஷர் அந்தக் கம்பியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குள்ளேயா நான் வந்தேன்?" என்றார்.

"ஆமா" என்றேன். "மதுரை வழியா."