ஊர்ப்பக்கத்துச் சரிவு

எங்கள் ஊருக்கு மேற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு மண் அணை இருக்கிறது. கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது. தெரிந்தாலும் புல் முளைத்த ஏதோ மேடு என்றுதான் நினைப்பார்கள். கோடையில் அதன் பின்னால் தண்ணீர்கூட நிற்காது. மழைக்காலத்தில் காட்டிலிருந்து இறங்கிவரும் ஓடை எங்கள் தெருவுக்குள் புகாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அதைக் கட்டிய வருடம் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

அதற்கு முன்பெல்லாம் மழை வலுத்தால் ஓடை யாரையும் அக்கரைக்கு விடாது. அப்படி ஒரு மழையில்தான் என் தம்பி இறந்துபோனான். உட்காரக்கூடப் பழகாத குழந்தை. காய்ச்சலில் உடம்பு கொதித்திருக்கிறது. டாக்டர் அக்கரையில் இருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா தம்பியைத் தன் துண்டில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் எப்போது வடியும் என்று ஓடைக்கரையில் நின்றாராம். சாயங்காலம் வடிந்தது. அதற்குள் அக்கரைக்குப் போக வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது.

இது எனக்குக் கல்யாணம் ஆன பிறகு மாமா சொல்லித் தெரிந்துகொண்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சின்னக் குழந்தைகளை எரிப்பது எங்கள் வழக்கம் இல்லை. எங்கள் மேட்டு நிலத்தின் ஒரு மூலையில் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு மாமாதான் ஓர் ஆவாரஞ்செடி நட்டிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா அந்த நிலத்துக்குப் போகவில்லை. வீட்டில் தம்பியைப் பற்றிப் பேச்சும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி என்று ஒருவன் இருந்தான், சாமியிடம் போய்விட்டான் என்பதுதான்.

அணை கட்ட இன்ஜினியர் வந்தபோது ஊர் ஆண்கள் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே சுற்றினார்கள். அவர் ஒவ்வொரு நிலத்திலும் ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து பார்த்தார். எங்கள் மேட்டு நிலத்து மண் கையில் நன்றாக ஒட்டியது. இதுதான் வேண்டும் என்றார். நைனா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். அன்று வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"அந்த மூலைய மட்டும் தொட வாணான்னு சொல்லிடு."

நைனா, "சொல்லிட்டேன்" என்றார்.

மண் எடுக்கும் இடத்தில் ஒரு முறை உண்டு. பள்ளம் தோண்டும்போது இடையிடையே சில இடங்களை வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவைப்பார்கள். தரை முன்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஆபீசர் வந்து டேப் பிடித்துப் பார்க்க அதுதான் அடையாளம். 'சாட்சி' என்பார்கள். சாட்சியின் தலையில் பழைய புல்லும் செடியும் அப்படியே நிற்கும். நைனா மேஸ்திரியிடம் பேசி அந்த மூலையைச் சாட்சியாக விடச் சொல்லிவிட்டார். மேஸ்திரி தெலுங்குக்காரர். "சரே, உண்டனிலே" என்று ஒத்துக்கொண்டார்.

நைனாவும் மாமாவும் அங்கேயே வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் களி கொண்டுபோவேன். கிளம்பும்போது அம்மா தினமும் சொல்வாள்.

"அந்த ஆவாரஞ்செடி கீதான்னு பாத்துகினு வா."

நான் பார்த்துவிட்டு வந்து இருக்கிறது என்று சொல்வேன். சுற்றிலும் தரை இறங்க இறங்க, அந்தத் தூண் உயர்ந்துகொண்டே போவது போலிருந்தது. உச்சியில் மஞ்சள் பூவோடு செடி. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்ட ஆவாரம்பூ வேண்டுமே, அதற்காகத்தான் அம்மா இத்தனை கவலைப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் ஆவாரம்பூதான், வேலியோரம் போனால் மூட்டை மூட்டையாகப் பறிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

குழாயடியில் பெண்கள் கேலி செய்தார்கள்.

"இன்னாமே, உன் பொண்ணு தெனம் போயி வருது. டேமுக்கு அதுதான் ஆபீசரா?"

அம்மா சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அணையின் கரை இன்னும் முழு உயரத்துக்கு வரவில்லை. அன்று நான் களியோடு போனபோது ஆபீசரின் ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அளவு எடுத்து முடித்துவிட்டார்கள். அளவு முடிந்தால் சாட்சிகளுக்கு வேலை இல்லை. ஆட்கள் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்க்க, அந்த மண்ணும் டிராக்டரில் ஏறியது. கடைசியில் ஆவாரஞ்செடித் தூண் மட்டும் நின்றது.

நைனா மேஸ்திரியிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மேஸ்திரி வானத்தைக் கைகாட்டித் தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். அவர் பேச்சில் கொலதை என்றால் அளவு, கட்டை என்றால் கரை.

"கொலதைக்குத்தாம்பா உட்டேன். கட்டைக்கு மண்ணு பத்தல. மழ வந்துட்டா அரைக் கட்டை நிக்காது, உங்க ஊரேதான் போவும். நீயே சொல்லு."

நைனா கரையைப் பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, "நீ வூட்டுக்குப் போ மச்சான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"வாணாம். நானே பண்றேன்."

நைனா மேலே ஏறிச் செடியை வேரோடு பிடுங்கி ஒரு பக்கம் வைத்தார். மேல் மண்ணை வெட்டித் தள்ளினார். அது டிராக்டருக்குப் போயிற்று. கொஞ்சம் ஆழம் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினார். தோளிலிருந்த துண்டை விரித்து அதில் மண்ணை அள்ளி வைத்தார். எனக்குப் பசித்தது. களி ஆறிக்கொண்டிருந்தது.

துண்டை முடிந்துகொண்டு அவர் கரை ஏறினார். எல்லாரும் மண்ணைத் தலையில் சுமக்கும்போது இவர் மட்டும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. கரையின் மேல் சற்று நின்றார். ஒரு பக்கம் தண்ணீர் நிற்கப்போகும் பள்ளம், மறுபக்கம் எங்கள் ஊர்க் கூரைகள். ஊர்ப்பக்கத்துச் சரிவில் பாதி தூரம் இறங்கி, திமிசு போட்டு மண்ணை இறுக்கிக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். குழி பறித்து மண்ணை வைத்து மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினார்.

களியை நீட்டினேன். பசியில்லை, எடுத்துக்கொண்டு போ என்றார். வழியில் உட்கார்ந்து நானே தின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"செடி கீதா?"

"இல்லம்மா. நைனாவே வெட்டிட்டாரு. அந்த மண்ண துண்டுல முடிஞ்சி எடுத்துகினு போயி கரையில பொதச்சிட்டாரு."

முறத்தில் இருந்த கேழ்வரகின் மேல் அம்மாவின் கை அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்?"

"நம்ம ஊருப் பக்கம்."

"தண்ணி பக்கம் இல்லியே?"

"இல்ல."

இன்னொரு முறையும் கேட்டாள். இன்னொரு முறையும் சொன்னேன். அப்புறம் அம்மா புடைக்க ஆரம்பித்தாள். கல் பொறுக்கின கேழ்வரகைத் திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் கரை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் ஊரே அணையைப் பார்க்கப் போயிற்று. பின்னால் தண்ணீர் செம்மண் நிறத்தில் தளும்பிக்கொண்டு நின்றது. எங்கள் தெருவில் ஒரு வாசல்கூட நனையவில்லை. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு யாரோ வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள்.

அம்மாவும் வந்தாள். அந்தப் பக்கம் அவள் நடந்து வந்து நான் பார்த்தது அன்றுதான். எல்லாரும் தண்ணீரைப் பார்த்து நிற்க, அவள் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஊர்ப்பக்கத்துச் சரிவில் இறங்கினாள். நைனா மேலே நின்று, அங்கே, இன்னும் கொஞ்சம் கீழே என்பது போலக் கையை அசைத்தார். பிடுங்கி வைத்த ஆவாரஞ்செடி அங்கே மறுபடி நடப்பட்டு வாடிக் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் குந்தி, மேலே நனைந்திருந்த மண்ணை விலக்கிவிட்டு, உள்ளே கையை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

ஏறி வந்து நைனாவிடம், "உள்ள ஈரம் வரல" என்றாள்.

நைனா, "ம்" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அணை கசியவில்லை என்று புரிந்துகொண்ட எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், டேம் உறுதியாக இருக்கிறதா என்று மண்ணில் கையை வைத்தே எங்கள் அம்மா சொல்லிவிடுவாள் என்று எல்லாரிடமும் சொன்னேன்.