இடது காது மெஷின்

காது சரியாகக் கேட்காத என் மகளுடைய வலது காதுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து இம்ப்ளான்ட் பொருத்தி ஒரு வருடமானதும், இடது காதில் அவள் போட்டுவந்த பழைய கேட்கும் மெஷின் இனித் தேவையில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொன்னவர் காது கேட்பதைச் சோதிக்கும் பரிசோதகர். எதற்கும் "அருமை!" என்று சொல்லும் இளம் பெண். உதட்டசைவு தெரியாதபடி வாயை ஒரு வலைத்துணி வளையத்தால் மறைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களைச் சொல்வார். மகள் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். மெஷினோடும் மெஷின் இல்லாமலும் அவள் ஒரே அளவுதான் சரியாகத் தொட்டாள்.

"பார்த்தீர்களா? கழற்றி வையுங்கள்."

கழற்றிப் பெட்டியில் வைத்தேன். படித்தவர்கள் சொன்னால் கேட்பதற்கென்றே வளர்க்கப்பட்டவள் நான்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் எனக்கும் கணவருக்கும் இடையில் மட்டும்தான். அவர் ஹொங்கொங்கில் பிறந்தவர். நான் வேலைக்குப் போக, பிள்ளையை அவர் பார்த்துக்கொள்கிறார், கன்டோனீஸில். அந்த மொழியில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். மெஷினைக் கழற்றிய பிறகு, அவர் அடுப்பைப் பார்த்தபடி ஏதாவது சொன்னால் மகள் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு முன்னால் நின்றாள். இம்ப்ளான்ட் சொல்லைக் கொடுக்கும், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொடுக்கத் திணறும், அதைப் பழைய மெஷின்தான் கொடுக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். சரியாகத்தான் வாசித்தேனா என்று பிறகு சந்தேகப்பட்டேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் விழாவில், தெரிந்த அன்ரி ஒருவர் கேக் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, காது ஏலாத குழந்தைக்கு ஏன் உந்தச் சீனப் பாசை? இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ."

"தகப்பன்ர பாசை, அன்ரி."

"அவர் இங்கிலீஷ் கதைக்க மாட்டாரே? வாயில என்ன கொழுக்கட்டையே?"

தன் பேரனைச் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப் போகிறவர் இவர். அங்கே கற்ற தமிழில் அவன் அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அன்ரி சொல்வது சரியோ என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

பிறகு துணிந்து, கன்டோனீஸில் சோதிக்க முடியுமா என்று கிளினிக்கில் கேட்டேன்.

"ஏன் முடியாது? அப்பாவே சொற்களைச் சொல்லட்டும்!" என்றார் பரிசோதகர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

குரலின் உயரத்தில் மட்டும் வேறுபடும் சொற்கள். இரண்டு இரண்டு படங்கள். கணவர் வளையத்தைப் பிடித்தார். வலைத்துணி வாயை மறைத்தது, புருவத்தை மறைக்கவில்லை. குரல் ஏறும்போது அவர் புருவமும் ஏறியது. சொல்லி முடிக்குமுன் அவர் கண் சரியான படத்தில் போய் நின்றது. மகள் படங்களை முதலில் பார்க்கவே இல்லை. தகப்பனைப் பார்த்துவிட்டுத் தொட்டாள். மெஷின் இல்லாமலே எல்லாம் சரி.

"அருமை! கன்டோனீஸுக்கும் மெஷின் தேவையில்லை."

பரிசோதகர் தாளைப் பார்த்தபடி சரி போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்க்க அந்த அறையில் ஒருவருக்கும் சம்பளம் இல்லைப் போலும்.

"சோதனையைப் பதிவுசெய்த குரலில் வையுங்கள்," என்றேன்.

"சில அம்மாக்களுக்கு நல்ல ரிசல்ட்டை நம்புவது கஷ்டம்," என்று சிரித்தார். ஆனாலும் அடுத்த கிழமைக்கு நேரம் தந்தார்.

காரில் திரும்பினோம். பரமட்டா ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றபோது கணவர் கேட்டார். "அவள் தோற்க வேண்டும் என்று நினைக்கிறாயா?"

"உங்கள் புருவம் பாஸ் பண்ணியது. அவள் இன்னும் எழுதவே இல்லை."

அடுத்த முறை அவரை வெளியே இருத்தினேன். ஸ்பீக்கரில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல் வந்தது. மெஷின் இல்லாமல் மகள் முதலில் ஸ்பீக்கரில் ஒரு முகம் தேடினாள். பிறகு வாய்க்கு வந்த பாட்டைப் போல, கைக்கு வந்த படத்தைத் தொட்டாள். மெஷினை மாட்டியதும் தலையைச் சற்றுச் சரித்தாள். அதற்குப் பிறகு பெரும்பாலும் சரி.

இந்த முறை அருமை இல்லை.

"வீட்டில் கன்டோனீஸ் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்றார் பரிசோதகர்.

முதல் நாளே சொன்னேன். அப்போதும் "அருமை!" என்றுதான் சொன்னார். மெஷினை இனி அவளுக்குத் தினமும் போடச் சொல்லி, தானே கண்டுபிடித்ததைப் போல எனக்கு விளக்கினார். தலையாட்டினேன். மெஷின் கிடைத்துவிட்டது, விளக்கத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும்.

வெளியே கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார், "அப்படியானால் இவ்வளவு நாளும் என் முகத்தைத்தான் கேட்டாளா?"

மகளின் இடது காதில் மெஷினைச் சரியாக மாட்டிவிட்டேன். அவர் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கதவை நோக்கி நடந்தார். திரும்பாமலே கன்டோனீஸில் ஏதோ சொன்னார். மகள் என் கையை விட்டுவிட்டு, நாற்காலிக்கு அடியில் கிடந்த அவருடைய குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.