கோப்பையை அலசிய பீலித் தண்ணீர்

மூன்று வருடத்துக்கு முன், அடைமழைக் காலத்தில் நடந்தது இது. நாங்கள் இலங்கையில் கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகன் ஐந்து வாரம் முந்திப் பிறந்துவிட்டான். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாததால் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் அறையில் வைத்திருந்தார்கள். நான் பாலைப் பீய்ச்சி, சின்னக் கோப்பையில் எடுத்துப் போய்க் கரண்டியால் புகட்ட வேண்டும்.

அந்தக் கோப்பையைக் கழுவ ஒரு முறை இருந்தது. குழாயில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு மிஸ் கொதிக்க வைத்துத் தரும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, துடைக்காமல் மூடி வைக்க வேண்டும். தாதிமாரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நான் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை வரை படித்தவள். தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கைகழுவச் சொல்லிக்கொடுப்பவள். மூன்று நாள் ஒன்றும் பிசகாமல் செய்தேன்.

நாலாம் நாள் ஆறு கலங்கியதால் தண்ணீரில் மருந்தைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். குளோரின் வாசம் மூக்கில் ஏறியது. கொதித்த தண்ணீரிலும் அது வருவதாக எனக்குப் பட்டது. இரண்டு கிலோகூட இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துக்கொள்ளுமா? மிஸ்ஸிடம் கேட்டால், பெரிய படிப்பாளி வந்துவிட்டாள் என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை. பார்க்க வந்த கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, நம்ம பீலித் தண்ணி இருக்கே. யாரும் குளிக்க வாறதுக்கு முன்னுக்கே புடிச்சிட்டு வாறேன்" என்றார்.

மலையில் ஊறி, குழாய் வழியாக எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே விழும் தண்ணீர் அது. நாங்கள் எல்லோரும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம். மறுநாள் ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். கொதித்த தண்ணீரிலிருந்து எடுத்த கோப்பையைக் கடைசியாக அதில் ஒரு தடவை அலசினேன். வாசம் போனது. மனதும் லேசானது.

பக்கத்துக் கட்டிலில் டவுன் துணிக்கடைக்காரரின் மனைவி, ஒரு முஸ்லிம் அக்கா. அவருடைய மகளும் அதே அறையில்தான் இருந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்களேன். இந்த மணம் வயித்தப் பெரட்டுது. டீச்சரம்மா பாவிக்கிற தண்ணியெண்டா நல்லாத்தானே இருக்கும்" என்று சிரித்தார். ஊற்றிக் கொடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாளில் என் மகன் பாலை விழுங்க மறுத்தான். உடம்பு சுட்டது. டாக்டர் இரத்தம் எடுத்தார். கிருமி தொற்றியிருக்கலாம் என்று மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மிஸ் ஒவ்வொன்றாக விசாரித்தார். கை கழுவினேனா, வேறு யாராவது தொட்டார்களா, கோப்பையை எப்படிக் கழுவினேன்?

"நீங்க சொன்ன மாதிரிதான் மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. திட்டுவார் என்ற பயம்தான் இருந்திருக்கும். கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். எழுந்து போய்ச் சொல், சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. போகவில்லை. அரை மணி நேரம் இருக்கும். அக்கா பால் பீய்ச்சி முடித்து, கோப்பையோடு வந்தார்.

"தங்கச்சி, அந்தப் போத்தல எங்க வெச்சீங்க?"

"வேணாங்க்கா! ஊத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. போத்தலை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடி, அழுதுகொண்டே சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "வேற யாருக்குக் குடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு கோப்பைகளையும் வாங்கிக்கொண்டு, டாக்டரைக் கூப்பிட்டு அக்காவின் மகளையும் பார்க்கச் செய்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"நங்கி, நீங்க பயந்த மணம் மருந்தோட மணம். கிருமிக்கு மணம் இல்ல. பீலித் தண்ணி உங்க வயித்துக்குப் பழக்கம், இந்தப் பிள்ளைக்கு என்ன பழக்கம்? சந்தேகம்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

அக்கா அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகளுக்கு ஒன்றுமில்லை என்று மறுநாள் காலையில் டாக்டர் சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "நானும் கேட்டுத்தானே வாங்கின. ஆனா நீங்க சொல்லாம உட்டிருந்தா ஆயுசுக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

என் மகன் மெல்லத் தேறினான். அந்தத் தண்ணீரால்தான் வந்ததா என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அது எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆனால் கட்டிலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம் யாருடைய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொருத்தியின் பிள்ளையை என் பயத்துக்குப் பணயம் வைத்த அந்த நேரத்தை மறக்காததால், யார் முன்னாலும் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிக் கேட்க இப்போது நான் கூச்சப்படுவதில்லை.