சம்பந்தி செருப்பில் வெட்டிய வாஷர்

பயம் வந்தால் எனக்கு முதலில் கை ஓடும். மூளை ஓடுவது அதற்குப் பிறகு. அன்றைக்குக் கை மட்டும்தான் ஓடியது.

அறுபதுகளின் தொடக்கம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு மோட்டார் படகு வாங்கியிருந்தார். கொடைக்கானல் ஏரிக்கரை ஓரமெல்லாம் பாசி. கரையை நெருங்கும்போது பின்பக்கத்து எஞ்சினைத் தூக்காவிட்டால் தண்ணீரைத் தள்ளும் விசிறி அதில் சிக்கிப் படகு அங்கேயே நின்றுவிடும். லாரியைத் தூக்கும் ஜாக்கி போல, எண்ணெய் அழுத்தத்தில் எஞ்சினைத் தூக்கும் உருளை ஒன்றைத் துரையே செய்து பொருத்தியிருந்தார்.

அன்று மச்சான் மகளைப் பெண் பார்க்கப் பாலசமுத்திரத்திலிருந்து வருகிறார்கள். பலகாரத்துக்குப் பிறகு படகுச் சவாரி என்று மச்சான் ஏற்கெனவே பீற்றியிருந்தார். இரண்டு இடம் தட்டிப்போன பெண். இதுவும் போனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. காலையில் வீட்டை ஒட்டிய கரையில் நின்ற படகைப் பார்த்தால், உருளையின் கழுத்தில் எண்ணெய் சொட்டுகிறது. தூக்கிய எஞ்சின், தூங்கி விழும் கிழவர் தலை மாதிரி மெல்ல இறங்குகிறது.

“மாப்ளே, வெரசா ஏதாச்சும் பண்ணுங்க. மானம் போயிரும்!”

“அதுக்கு முன்னாடி எனக்கு உசுரு போயிரும் போல கெடக்கு மச்சான்.”

பம்ப் அடுப்புக்கு வாஷர் மாற்றிய அனுபவம்தான் எனக்கு. கழற்றினேன். உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டைச் சுற்றியிருந்த தோல் வாஷர் நைந்து போயிருந்தது. அதற்குள் வீட்டில் பேச்சுக் குரல், வந்தேவிட்டார்கள். ஏதாவது தோல் கிடைக்குமா என்று வாசலுக்கு ஓடினேன். அங்கே கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடி மட்டும் தேய்ந்த தோல் செருப்பு. மச்சானுடையதுதான் என்று முடிவுகட்டி, ஒற்றைச் செருப்பின் அடித்தோலில் ஓர் அடுக்கை அங்கேயே உரித்து, வட்டமாக வெட்டி, படகுக்கு ஓடி, விளக்கெண்ணெயில் முக்கித் திணித்து இறுக்கினேன். சொட்டு நின்றது.

பலகாரம் முடிந்து, படகுச் சவாரிக்காக எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனின் அப்பா ஒரு காலை நுழைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, எஞ்செருப்ப எலி கடிச்சு வச்சிருக்குடா!”

அப்போதுதான் மச்சான் காலைப் பார்த்தேன். புத்தம்புதுச் செருப்பு மின்னியது.

“எலிதாங்க. இந்தக் குளிருக்கு ரொம்பப் பெருசா வளருதுங்க” என்றேன். என் குரலே எலிக்குரலாக இருந்தது.

“எலி இல்லீங்க, எங்க மாமா” என்றாள், நான் வெட்டியதைக் கதவோரமிருந்து பார்த்திருந்த மச்சான் மகள். “படகுல எண்ணெ ஒழுகுச்சு. அதுக்கு வெட்டிட்டாங்க.”

மச்சான் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குக் கருமாதி முடிந்துவிட்டது.

செருப்புக்காரப் பெரியவர், “படகு எங்க?” என்று மட்டும் கேட்டார். ஒற்றைச் செருப்போடு ஏறி உட்கார்ந்தார். ஏரியைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. உருளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பழனி முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டேன். பாதி வழுக்கை, முருகன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரை வந்தது. உருளையின் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தேன். எஞ்சின் எழும்பி, அப்படியே நின்றது. பெரியவர் விரலால் தடவினார், முகர்ந்தார், வேட்டியில் துடைத்தார்.

“சொட்டல” என்றார். பிறகு கரையில் நின்ற தன் மனைவியிடம், “நம்ம வீட்டுச் சாமான் ஒண்ணு இங்க ஒட்டிக்கிருச்சு. இனி என்னத்த யோசிக்க? பிள்ளைக்குப் பூவ வையி.”

மச்சான் கண்ணைத் துடைத்தார். நான் மட்டும் கைப்பிடியை விடாமல் படகிலேயே நின்றேன். பூ வைத்து முடிகிறவரை எஞ்சின் இறங்கிவிடக் கூடாதே!